இளஞ்சிவப்புக் கறை

"பெத்தவளா நீ? குழந்தை நெருப்பா கொதிக்குது... மருந்தைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு நிக்கிறியே!"

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். அவள் தோளில் இரண்டு வயதுச் சிட்டு துவண்டு கிடந்தது.

"ஆறு மணி நேரம் ஆகட்டும்க்கா. எடை பார்த்துத்தான் டாக்டர் அளவு சொல்லியிருக்கார். அதுக்கு மேல போனா ஆபத்து..."

"ஆமா, நான் பிள்ளை பெறாதவ! எனக்கென்ன தெரியும்?"

இவள் இடுப்புச் சாவியை இன்னும் உள்ளே சொருகிக்கொண்டாள். கணவனின் அக்கா அவள். புருஷன் வீடு வேண்டாமென்று வந்த நாளிலிருந்து சிட்டுதான் அவளுக்கு உலகம். சலவைக்கடையில் இவள் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டும் நேரமெல்லாம் குழந்தை அவள் இடுப்பில்தான் இருக்கும். கணவனோ எப்போதும் அக்கா கட்சி.

குழந்தை திடீரென்று குமட்டி வாந்தி எடுத்தது. கண்கள் சொருகின. பதறிச் சட்டையைக் கழற்றிய இவள் கை அப்படியே நின்றது. கழுத்துப் பட்டையில் பிசுபிசுவென்று காய்ந்த இளஞ்சிவப்புக் கறை. இவள் கொடுக்கும் மருந்து ஆரஞ்சு நிறம். ஊரார் துணியையெல்லாம் வெளுப்பவளுக்குக் கறை தெரியாதா?

மருத்துவமனையில் டாக்டரம்மா குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "வேற என்ன மருந்து கொடுத்தீங்க? மறைச்சா குழந்தை கைவிட்டுப் போயிடும்."

"சாவி இவகிட்டதான் டாக்டர் இருக்கு!" என்றான் கணவன். நாத்தனார் சுவரைப் பார்த்தாள்.

இவள் அவள் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். "என்ன கொடுத்தீங்க, எவ்வளவு கொடுத்தீங்க... அதை மட்டும் சொல்லுங்கக்கா. நான் கொடுத்ததா சொல்லிக்கிறேன். உங்க பேரு வெளிய வராது."

நாத்தனாரின் முந்தானை முடிச்சிலிருந்து இளஞ்சிவப்பு மருந்தோடு ஒரு சிறு பாட்டில் வெளிவந்தது. "சளி மருந்துதான்டி... ராத்திரி பகலா அழும்போதெல்லாம் ஒரு மூடி. சூடு குறைஞ்சு தூங்கினா. உன் காய்ச்சல் மருந்தை நான் தொடவே இல்லை!"

இவள் பாட்டிலோடு உள்ளே ஓடினாள். "நான்தான் டாக்டர் கொடுத்தேன். அழும்போதெல்லாம் ஒரு மூடி."

"ஐயோ, காய்ச்சல் மருந்துல இருக்கிற அதே பாராசிட்டமால்தானேம்மா இதுலயும் இருக்கு! இந்த வயசுக்குச் சளி மருந்தே கூடாது. ரெண்டும் சேர்ந்தா கல்லீரல் என்னத்துக்கு ஆகும்? சிஸ்டர், டிரிப்ஸ் ஏத்துங்க, உடனே மாற்று மருந்து போடணும்!"

"கொலைகாரி!" கணவன் கை ஓங்கினான். "அக்காவைத் தொட விடாம பூட்டி வச்சிட்டு நீயே..."

இவள் நகரவில்லை. அடி விழவும் இல்லை. ஓங்கிய கையை நாத்தனார் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"அவ இல்லடா... நான்! குழந்தையைக் கொல்லப் பார்த்தது நான்!"

அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். மனைவியின் முகத்தை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தையே மூவரும் பார்த்துக் கிடந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். ஒருவழியாக, கல்லீரல் தேறுகிறது என்று டாக்டரம்மா சொன்னபோது இவளுக்கு அழுகைகூட வரவில்லை.

சிட்டு வீடு வந்த அன்று, வாசலில் நாத்தனார் துணிப்பையோடு நின்றாள். "கிளம்புறேன்டி... சிட்டு தேடினா ஏதாச்சும் சொல்லிக்கோ."

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா அது பொய்க்கா. வயிறு இன்னும் எரியுது." இவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "ஆனா சிட்டுவை வேற யார்கிட்ட விட்டுட்டு நான் கடைக்குப் போவேன்? இனிமே எந்த மருந்தா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லாம நீங்க கொடுக்கக் கூடாது, உங்ககிட்டச் சொல்லாம நானும் கொடுக்க மாட்டேன். பிடிங்க."

சாவியை வாங்கிய கையோடு நாத்தனார் இவள் தோளில் விழுந்து கதறினாள். இவள் கட்டை மாதிரி நின்றாள். வெகுநேரம் கழித்துத்தான் இவள் கை மெல்ல உயர்ந்து அவள் முதுகைத் தடவியது.