முப்பத்தொன்பதாவது கிலோமீட்டர்

எண் வாங்கும் மண்டபத்தில் இரண்டு வரிசைகள் நின்றன. உயிரோடு ஓடுபவர்களுக்கு ஒன்று, இறந்த பிறகு ஓடுபவர்களின் உறவினருக்கு ஒன்று. இரண்டாவதுதான் நீளம். மரகதவல்லிக்கு இரண்டிலும் வேலை இருந்ததால் நீளமானதில் நின்றாள். அவள் முறை வந்ததும் கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே, "உயிரோட ஒண்ணு, இல்லாம ஒண்ணு. சரிதானேம்மா?" என்று கேட்டு இரண்டு துணிகளை நீட்டினாள். சிவப்பு எண் மரகதவல்லிக்கு. வெள்ளை எண் அவள் கணவன் சிவநேசனுக்கு.

எண்ணூரிலிருந்து பனையூர் வரை கடலைத் தடுக்க எழுப்பிய சுவரின் மேல் சாலை போட்ட நாளிலிருந்து, ஒவ்வொரு மாசி மாதமும் அதில்தான் நகர மாரத்தான் நடக்கிறது. ஓடுகிறவர்கள் எல்லோருடைய தோளிலும் அரிசிமணி அளவில் ஒரு பதிவி புதைந்திருக்கும். காலடி, மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, வியர்வை என்று அது எதையும் விடாமல் குறித்துக்கொள்ளும். ஆள் இறந்துவிட்டால் அந்த உடற்பதிவைக் கொண்டு ஒரு தடவுருவைச் செய்துவிடலாம். கண்வில்லை அணிந்த யாருக்கும் அது தெரியும். கழுத்தில் வழியும் வியர்வைகூடத் தெரியும், மூச்சு காதில் கேட்கும். ஆனால் தடவுரு பேசாது, திரும்பிப் பார்க்காது, தொட்டால் கை காற்றில்தான் போகும். வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. துக்கம் ஆறாமல் ஜனங்கள் முடங்கிப்போகிறார்கள் என்று தடுத்துவிட்டார்கள். வருடத்தில் ஒரு நாள், கடற்சுவரில் மட்டும் இறந்தவர்கள் ஓடலாம்.

அவர்களுக்கென்று மரியாதை உண்டு. தடவுருவைக் கடக்கும்போது வலக்கையை நெஞ்சில் வைக்கவேண்டும். ஓட்டத்தின் நடுவில் இறந்தவர்களின் தடவுரு, பதிவு முடியும் இடத்தில் கீழே விழுந்துகிடக்கும். அதை மிதிக்காமல் சுற்றிப் போகவேண்டும். காற்றை மிதித்தால் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

சிவநேசனின் பதிவு முப்பத்தேழாவது கிலோமீட்டரில் முடிந்துபோனது. மூன்று வருடங்களுக்கு முன்பு மாரத்தான் நடந்த ஞாயிற்றுக்கிழமை, மரகதவல்லி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவன் அங்கே விழுந்து இறந்தான். நெஞ்சு சட்டென்று நின்றிருக்கும், வலிகூடத் தெரிந்திருக்காது என்றார்கள் மருத்துவர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள். அடுத்த இரண்டு வருடமும் அந்த இடத்தில் போய் நின்றாள். தடவுரு வரும். கைப்பிடிச் சுவரைப் பற்றும், உட்காரும், குப்புறச் சாயும். கொஞ்ச நேரம் கழித்து வலக்கையை ஒரு முறை மேலே தூக்கும். பதினொரு நிமிடத்தில் கரைந்துபோகும். அந்தக் கை தனக்காகத் தூக்கிய கை, போய்வருகிறேன் என்று சொல்கிற கை என்றே அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு முறையும் கைகூப்பிவிட்டு வீடு திரும்பினாள்.

மூன்று முறை ஓடியும் முடிவுக்கோட்டைத் தொடாத தடவுருவை, உடற்பதிவுகளை வைத்திருக்கும் பதிவகம் நிரந்தரமாக அழித்துவிடும். இறந்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, சாலை அதே அகலம்தான். இது சிவநேசனுக்கு மூன்றாவது முறை.

ஒரு வழி இருந்தது. அதன் பெயர் பிணைப்பு. பதிவு முடிவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே உயிருள்ள ஒருவர் தடவுருவோடு சேர்ந்துகொண்டு, இரண்டு கை தூரத்துக்குள், அதே வேகத்தில் ஓடவேண்டும். அப்படி ஓடினால், அவருடைய மூச்சையும் காலடியையும் எடுத்துக்கொண்டு தடவுரு தன் முடிவைத் தாண்டி மேலே ஓடும். பத்து விநாடி விலகினால் பிணைப்பு அறுந்துவிடும்.

நாற்பத்தெட்டு வயது வரை பேருந்துக்குக்கூட ஓடாத மரகதவல்லி, அதற்காக ஓடக் கற்றுக்கொண்டாள். கீழ்வீட்டு ஜைத்தூன்தான் துணை. ஒன்பது மாரத்தான் ஓடியவள், வாயும் கால் அளவுக்கு வேகம். "உன் வீட்டுக்காரர் கிலோமீட்டருக்கு அஞ்சரை நிமிஷம். நீ ஏழு. அவரைத் துரத்திப் பிடிக்கலாம்னு கனவு காணாதே தாயே. அவர் வந்து உன்னைப் பிடிக்கட்டும்" என்றாள்.

திட்டம் அவள் போட்டதுதான். நாற்பத்தைந்தைக் கடந்த பெண்களை நாலரைக்கே அனுப்பிவிடுவார்கள். சிவநேசனின் தடவுரு தன் பழைய நேரப்படி ஐந்தரைக்குக் கிளம்பும். மரகதவல்லி ஏழு நிமிடக் கணக்கில் போனால், எட்டே முக்கால் வாக்கில் முப்பத்தாறாவது கிலோமீட்டரில் அவன் அவளை எட்டுவான். அதற்குள் அவனுடைய வேகமும் ஆறு நிமிடத்துக்கு இறங்கியிருக்கும். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் அவள் அவனோடு ஓடினால் போதும். ஆகவே அவர்கள் பயிற்சி எல்லாம் தலைகீழாக நடந்தது: சோர்வு வரும்வரை மெதுவாக, சோர்வு வந்தபிறகு வேகமாக. கடைசி வாரம் ஓட்டத்தைக் குறைத்துத் தூக்கத்தைக் கூட்டினார்கள். முந்தின நாள் தயிர்சாதமும் வாழைப்பழமும் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்று ஜைத்தூன் சொல்லிவிட்டாள். புதுக் காலணி கூடாது, எலுமிச்சை உப்புத் தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே குடிக்கவேண்டும், முதல் பத்துக் கிலோமீட்டரில் யார் தாண்டிப் போனாலும் சிரித்துக்கொண்டு விட்டுவிடவேண்டும்.

மரகதவல்லி தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டாள். காலடிக்கு ஓர் எழுத்தாக நமசிவாய சொல்லிக்கொண்டே ஓடினாள். வேகம் பிசகினால் நாமம் தடுக்கும், கைக்கடிகாரம் தேவைப்படவில்லை.

அன்றைக்கு எல்லாம் திட்டப்படி நடந்தது. துறைமுகத்தைத் தாண்டும்போது வெளிச்சம் வந்தது, அடையாற்றைத் தாண்டும்போது வெயில் வந்தது. இறந்தவர்கள் கூட்டம் கூட்டமாக அவளைக் கடந்து போனார்கள். ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கை வைத்து வைத்துக் கை ஓய்ந்தது. முப்பத்தைந்தில் அவள் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தாள். முதலில் மூச்சு கேட்டது. இடது மூக்கில் லேசாக விசில் அடிக்கும் அந்த மூச்சோடு இருபத்திரண்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள் அவள். திரும்பிப் பார்க்காமலே கூடச் சேர்ந்துகொண்டாள். இருவருக்கும் நடுவில் தரையில் மெல்லிய நீலக்கோடு ஒன்று தோன்றியது. பிணைப்பு விழுந்துவிட்டது.

முப்பத்தேழாவது கிலோமீட்டர்ப் பலகை வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் ஓடிக்கொண்டிருந்தான். கைப்பிடிச் சுவர் பின்னால் போய்விட்டது. இறந்த மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் முதன்முதலாக ஒரு புதிய இடத்தில் காலை வைத்தான். மரகதவல்லிக்கு அழுகை வந்தது. அழுதால் மூச்சு உடையும் என்று நாமத்தை இன்னும் அழுத்திச் சொன்னாள்.

முப்பத்தொன்பதில், சுவரை ஒட்டி ஒரு தடவுரு விழுந்துகிடந்தது. குப்புறக் கிடந்ததால் எண் தெரியவில்லை. முன்னால் போனவர்கள் நெஞ்சில் கை வைத்து அழகாக வளைந்து போனார்கள். சிவநேசன் நேராக அதன்மேல் ஏறி, அதன் முதுகுக்குள் கால் புதையப் புதைய ஓடினான். சுற்றிப் போனால் இரண்டு கை தூரம் மீறிவிடும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொல்லி, மரகதவல்லியும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே நேராகக் காலை வைத்தாள்.

கால் காற்றில் போகவில்லை. சதையில் இடித்தது. அவள் தடுமாறி முழங்காலில் விழுந்தாள்.

கீழே கிடந்தவன் முனகினான். அடுப்பில் வைத்த சட்டிபோல் உடம்பு கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. புரட்டிப்போட்டபோது சிவப்பு எண் தெரிந்தது.

அவள் நிமிர்ந்தாள். சிவநேசன் முப்பது அடி முன்னால் போயிருந்தான். நீலக்கோடு துடித்துக்கொண்டிருந்தது. எழுந்து நாலு எட்டு ஓடினால் பிடித்துவிடலாம். இன்னும் மூன்று கிலோமீட்டர்தான். பின்னால் வருகிறவர்கள் இவனைப் பார்த்துக்கொள்ளமாட்டார்களா? அவள் கத்திப்பார்த்தாள், மூச்சிரைப்பில் குரல் எழும்பவில்லை. வந்தவர்கள் அவளையும் அவனையும் சேர்த்துப் பார்த்தார்கள். நெஞ்சில் கை வைத்து இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அப்போது கீழே கிடந்தவன் வலக்கையை மேலே தூக்கினான். தண்ணீர் கேட்கிற கை.

பத்து விநாடி ஆகியிருக்கவேண்டும். தொண்ணூறு அடி தள்ளி சிவநேசன் நின்றான். பிணைப்பு அறுந்ததால் தடவுரு தன் பழைய பதிவுக்கே திரும்பிவிட்டது. சுவரைப் பற்றியது, உட்கார்ந்தது, குப்புறச் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதே போல, அதே உயரத்துக்கு, வலக்கையைத் தூக்கியது.

மரகதவல்லி இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். போய்வருகிறேன் என்று அவன் ஒருபோதும் சொல்லவில்லை. பதினொரு நிமிடம் உயிரோடு கிடந்து அவன் கூப்பிட்டிருக்கிறான். எத்தனை நூறு பேர் நெஞ்சில் கை வைத்துச் சுற்றிப் போனார்களோ.

அவனிடம் ஓடிப்போகத்தான் உடம்பு துடித்தது. போனாலும் அங்கே காற்றுதான். அவள் திரும்பி, கிடந்தவனின் தலையை மடியில் ஏற்றினாள். இடுப்புப்பட்டையிலிருந்த தண்ணீரை அவன் பிடரியிலும் அக்குளிலும் ஊற்றினாள், வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள், மருத்துவ வண்டிக்குச் சொன்னாள். வண்டி வர ஒன்பது நிமிடம் ஆனது. அதுவரை அவள் முன்னால் பார்க்கவில்லை. பார்த்தபோது அவன் கிடந்த இடம் காலியாக இருந்தது.

அவன் பெயர் தாவீது. திருவொற்றியூரில் குளிர்பெட்டி மெக்கானிக். இதுதான் அவனுக்கு முதல் ஓட்டம். கண் திறந்ததும் அவன் அவளிடம், "எல்லாரும் கும்பிட்டுட்டே போனாங்கக்கா. சரி, நான் செத்துட்டேன் போலன்னு நினைச்சேன்" என்றான்.

மறுவாரம் பதிவகத்திலிருந்து இரண்டு வரியில் ஒரு செய்தி வந்தது. சிவநேசன் அழிக்கப்பட்டுவிட்டான். மரகதவல்லி விளக்கேற்றி, அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜைத்தூன் வந்து விளக்குக்கு எண்ணெய் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஓட்டக் குழுவின் செயலர் பூச்செண்டோடு வந்தார். நல்ல மனிதர்; நடந்ததைச் சொல்லும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கியது. குழு அவளுக்கு மரியாதை செய்ய விரும்புகிறது, என்ன வேண்டும் என்று கேட்டார். கணவனைத் திருப்பித் தர விதியில் இடமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவள் அதைக் கேட்கவில்லை. "யாராவது விழுந்து கிடந்தா, நின்னு ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அது போதும்" என்றாள். செயலர் அதைக் குறித்துக்கொண்டார். இதை ஜனங்கள் மறக்கவே முடியாதபடி செய்துவிடுகிறோம் என்று உறுதி சொன்னார்.

சொன்னபடியே செய்தார்கள். அடுத்த மாசியில், முப்பத்தொன்பதாவது கிலோமீட்டரில், சுவரை ஒட்டி ஒரு நிரந்தரத் தடவுரு தோன்றியது. மரகதவல்லி மண்டியிட்டிருக்கிறாள், மடியில் தாவீதின் தலை, கையிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது, தரையைத் தொடுவதில்லை. உயிரோடு இருப்பவருக்குத் தடவுரு வைத்தது அதுவே முதல் முறை. அதற்கென்று தனி மரியாதையும் வகுத்தார்கள். நெஞ்சில் கை வைத்தால் போதாது, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பவேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகவும் வைத்தார்கள்.

மரகதவல்லி அந்த வருடம் ஓடவில்லை. தாவீதும் அவளும் அந்த இடத்தில் ஒரு மேசை போட்டு, பானையில் உப்புப் போட்ட மோர் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஓடிவந்தவர்கள் தடவுருவைக் கண்டதும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். சிலர் கண்ணீர் விட்டார்கள். கை மேலே இருந்ததால் மோரை வாங்க யாருக்கும் தோன்றவில்லை. மேசைக்குப் பின்னால் நின்றவளையும் அலங்காரத்தில் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள் போலிருக்கிறது. அவளுக்கும் ஒரு கும்பிடு விழுந்தது. பிறர் தன்னைக் கும்பிடுவதைப் பார்ப்பது மரகதவல்லிக்குக் குளிர் நடுக்கம் போல இருந்தது. தடவுருவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், தடவுருவுக்குப் பத்தடி இந்தப் பக்கம், இளம்பெண் ஒருத்தி காலை மடக்கிக்கொண்டு விழுந்தாள். ஓடிவந்த கூட்டம் கைகளை மேலே கூப்பி, வளைந்து, அவளைச் சுற்றிக்கொண்டு போனது. "இந்த வருஷம் புதுசா ஒண்ணு சேர்த்திருக்காங்க" என்று ஒருவர் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டு போனது மேசை வரை கேட்டது.

மரகதவல்லி பானையோடு ஓடினாள். தாவீது அந்தப் பெண்ணின் கால்களைத் தூக்கிப் பிடித்தான். மரகதவல்லி மண்டியிட்டு, தலையை மடியில் வைத்து, மோரென்றும் பாராமல் பிடரியில் ஊற்றினாள். அது சிதறி ஓடுகிறவர்கள் காலில் பட்டது. பெண் கண்ணைத் திறந்து, "நான் எங்கம்மா இருக்கேன்?" என்றாள். "பூமியிலதான் கண்ணு. பயப்படாதே" என்றாள் மரகதவல்லி.

இரண்டு நாள் கழித்துச் செயலர் தொலைபேசியில் பேசினார். அந்தப் பெண் நலமாக இருப்பதைச் சொல்லி நன்றி தெரிவித்துவிட்டு, சங்கடத்தோடு இன்னொன்றும் சொன்னார். முப்பத்தொன்பதாவது கிலோமீட்டர் பற்றி ஓடியவர்களிடமிருந்து பதினொரு குறிப்புகள் வந்திருக்கின்றனவாம். பத்தில் ஒரே விஷயம்தான்: ஒரே தடவுரு இரண்டு முறை தெரிகிறது, இரண்டாவதில் தண்ணீர் நம் காலை நனைக்கிறது, சரிசெய்யவும்.

"பதினொண்ணாவது?" என்று கேட்டாள் மரகதவல்லி.

செயலர் வாசித்தார். 'என் கால் நனைந்தது. அரைக் கிலோமீட்டர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பி வந்தேன், அதற்குள் வண்டி வந்து கூட்டிப்போய்விட்டது. அந்தப் பெண் பிழைத்தாளா?'

மரகதவல்லி, அதை எழுதியவரின் பெயரும் முகவரியும் வேண்டும், அவருக்குத் தானே பதில் சொல்லவேண்டும் என்றாள்.

செயலர் தயங்கினார். "அதையும் மத்த பத்தோட சேர்த்துப் பழுது பார்க்கிற பிரிவுக்கு அனுப்பிட்டோமேம்மா" என்றார்.