இடது பெட்டி

தான் செய்த ஸ்பீக்கர் பெட்டிகள் கெட்டியாக இருக்கின்றனவா என்று பார்க்க, பிரெட்ரிக் விரல் முட்டியால் தட்டினான். வலது பெட்டி மந்தமாக ஒரு சத்தம் கொடுத்து அடங்கியது. இடது பெட்டியும் அதே மாதிரிதான். அவன் கையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்ற பிறகு, அது இன்னொரு தடவை தட்டியது.

பலகை சுருங்குகிற சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இந்த மலைக் குளிரில் மரம் சும்மா இருக்காது.

முதலில் அவனிடம் இருந்தவை அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர்கள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியவை. எவ்வளவு திருகினாலும் கனத்த அடிச்சத்தம், பேஸ், வராது. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிற வேலையில் லீவு கிடைத்த நாட்களிலெல்லாம் பலகை அறுத்து, பசை போட்டு, இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெட்டி செய்தான். பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றி அதில் மாட்டினான். உள்ளே தலையணைப் பஞ்சு. கீழே காற்றுப் போக ஒரு துவாரம், அதில் ஒரு துண்டு பிவிசி குழாய். எல்லாமே கடையில் வாங்கிய புதுச் சாமான். யாருடைய வீட்டிலிருந்தும் எதுவும் எடுத்து வரவில்லை. பிறகு அதையும் அவன் பலமுறை யோசித்துப் பார்த்தான்.

மதியத்துக்கே தேயிலைக் காட்டின் மேல் பனி இறங்கி, லயத்து வீடுகளின் தகரக் கூரையைத் தொட்டுக்கொண்டு, ஜன்னல் இடுக்கு வழியாகப் பச்சைத் தழை வாசத்தையும் யார் வீட்டிலோ கருவாடு வறுக்கிற வாசத்தையும் உள்ளே கொண்டுவந்து, புதுப் பலகையின் பசை நாற்றத்தோடு கலந்துகொண்டிருந்தது. பாட்டைப் போட்டான். பேஸ் தரையில் ஓடி உள்ளங்காலில் ஏறியது. சிரித்துக்கொண்டே ஒரு டிஸ்யூ தாளைக் குழாயின் வாய்க்கு முன்னால் பிடித்தான். ஒவ்வொரு அடிக்கும் தாள் துடித்தது. காற்று சரியாக வருகிறது.

பாட்டை நிறுத்தினான். தாள் அசைந்துகொண்டே இருந்தது.

வெளியே. உள்ளே. வெளியே. உள்ளே. அவசரமில்லாமல், தூங்குகிறவன் மூச்சைப் போல.

ஆம்ப்ளிபயரின் பிளக்கைப் பிடுங்கினான். ஒயரையும் கழற்றினான். ஜன்னலைச் சாத்தினான். தாள் நிற்கவில்லை. வலது பெட்டிக்கு முன்னால் பிடித்தால் தொங்கியது. இடது பெட்டிக்கு வந்ததும் மறுபடி மூச்சு.

தானா ராத்தா டவுனில் கேக் கடையில் வேலை செய்கிற மனைவி கரேனுக்கு போன் போட்டான். அவள் சிரித்தாள். அந்தப் பசையை மோந்து மோந்து தலை சுற்றியிருக்கும், கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடிங்க, நான் சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றாள்.

அவன் தேத்தண்ணி போடவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். எலி புகுந்திருக்கலாம். குழாயில் எலி நுழைய முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும். கடைசியில் தரையில் குப்புறப் படுத்து, குழாயருகே வாயை வைத்தான்.

"யாரு?"

மூச்சு நின்றது. பிறகு குழாய் இழுத்தது. டிஸ்யூவை அல்ல, அவனை. வாயிலிருந்த காற்று, நெஞ்சிலிருந்த காற்று, அதற்குக் கீழே அவனுக்கே பெயர் தெரியாத ஏதோ ஒன்று, எல்லாம் நீளமாக, குளிராக, நூல் உருவுவதுபோல் போனது.

எழுந்து உட்கார்ந்தபோது அறை இருட்டத் தொடங்கியிருந்தது. உடம்பு லேசாக இருந்தது. பயமும் அவ்வளவாக இல்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். கரேன் நனைந்த ஜாக்கெட்டோடு உள்ளே வந்து விளக்கைப் போட்டாள். முகம் வெளிறியிருக்கிறதே என்று கேட்டாள். அவன் பெட்டியைக் காட்டினான். அவள் விளையாட்டாக மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தாள்.

சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றுபோனது.

நெடுநேரம் கேட்டாள். பிறகு தலையைத் திருப்பி அவன் வாயைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. மறுபடி காதை வைத்தாள்.

"நேத்து ராத்திரி நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?" என்றாள்.

பெட்டியிடம் கேட்கிறாளோ என்று நினைத்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோசித்தான். நேற்று ராத்திரி. கட்டில். போர்வை. அவள் உதடு அசைகிறது. சத்தம் இல்லை. எங்கே தேடியும் இல்லை.

"சொல்லுங்க லா," என்றாள்.

பதில் குழாயிலிருந்து வந்தது. தேய்ந்த, மூச்சுத் திணறுகிற குரல். ஆனால் அவனுடைய குரல்.

"நமக்குப் பிள்ளை வரப்போகுதுன்னு சொன்னே, கரேன். யார்கிட்டயும் இப்போ சொல்ல வேணாம்னு சொன்னே."

அந்தச் செய்தியை அவன் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டான்.

கரேனின் கை அவள் வயிற்றுக்குப் போனது. தரையில் கிடந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, சுவரில் முதுகை உரசியபடியே பெட்டிக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு திருகாணி விழுந்தது. இன்னொன்று. ஒரு தலையணைக்கு மேல் எதுவும் கொள்ளாத ஒடுங்கிய பெட்டி அது. அவன்தான் அளந்து அறுத்தான்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. காற்று வந்தது. பசை நாற்றத்தோடு. வெளியே. உள்ளே.

பின்பலகை ஒரு பக்கம் விலகியது. அந்த இடுக்கில் பஞ்சைத் தள்ளிக்கொண்டு நான்கு விரல்கள் வெளியே வந்து, அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன.

"அவனப் பாத்துக்கிட்டே திற," என்றது குரல்.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே அடுத்த திருகாணியைத் திருகினாள்.