நாலு மணிக்குத் துடைக்கப்படும் பெயர்

ஏழுமடையில் பெயர்க்காவலன் சம்மதிக்காமல் ஒரு கொசுகூட வீட்டுக்குள் நுழைய முடியாது. பேருந்து, ரேஷன் கடை, சலூன், கழிப்பறை என்று எல்லாக் கதவுக்கும் மேலே அந்த உலோக வளைவு உட்கார்ந்திருந்தது. முகத்தைப் பார்க்கும், பதிவேட்டைப் புரட்டும், பெயரை உரக்கச் சொல்லும், பிறகு திறக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுகிறவரின் பெயரை இனிஷியலோடு ஏழு தெருவுக்கும் அறிவித்த பிறகுதான் தாழ்ப்பாள் விலகும்.

அந்த வெள்ளிக்கிழமை, மேல்நிலைப் பள்ளி வாசலில் இருந்த காவலனுக்குப் புதிதாக ஒரு புலன் பொருத்தினார்கள். வளைவுக்குக் கீழே நிற்பவரின் காதில் அது நொடிக்குள் லட்சம் பெயர்களை முணுமுணுக்கும். எந்தப் பெயருக்கு மூளை துள்ளுகிறதோ, அது உள்ளப் பெயர். பதிவேட்டுப் பெயரோடு பொருந்தினால் வெளியே போகலாம். பொருந்தாவிட்டால் நாலு மணிக்குத் துடைப்பு. உள்ளப் பெயர் போய்விடும். அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சியவர்கள், திட்டியவர்கள் நினைவும் கூடவே போய்விடும். வலிக்காது என்று கையேட்டில் பதினேழு இடத்தில் அச்சடித்திருந்தார்கள்.

இத்தனையும் ஒரே ஒரு பெண்ணுக்காக. பன்னிரண்டாம் வகுப்பு செவ்வந்தி. பிறந்தபோது ஆண் என்று எழுதி அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம். தலைமையாசிரியர் வீரபாண்டியராஜனுக்குத்தான் வேண்டும். மீசையின் இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழத்தை நிற்க வைக்கக்கூடிய மனிதர். செவ்வந்தி என்று ஒரு தடவைகூட அவர் வாயில் வந்ததில்லை.

"எப்பருந்துடா ஒனக்கு இப்படித் தோணுது?" என்று நானூறு தடவையாவது கேட்டிருப்பார்.

"தோணல சார். இருக்கேன்" என்பாள் அவள். நானூறு தடவையும்.

"திங்கக்கெழமை பரீட்சைக்குப் பழைய பேர்லதான் ஒக்காருவ. இன்னைக்கு நாலு மணிக்கு மிஷினு ஒன்னைய நேராக்கிரும்" என்றவர், காவலனில் கண்டிப்பு நிலையைத் தேர்ந்தெடுத்தார்.

"கண்டிப்பு நிலையை இடையில் யாராலும் நிறுத்த முடியாது. உங்களாலும்" என்றது காவலன்.

"அதான் வேணும்" என்று பெருவிரலை அழுத்தினார்.

மூன்றரைக்கு மணி அடித்தது. ஆயிரத்து நானூறு பேர் வரிசையில் நின்றார்கள். செவ்வந்திக்குப் பின்னால் நின்ற தோழி ஜெசிந்தா, செல்லமாகச் சில்லு, அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

"பின்சுவரு ஏறிக் குதிச்சிருவோம்டி."

"புது சுடிதாருடி. கிழிஞ்சா எங்கம்மா மிஷின் இல்லாமலே என்னையத் தொடச்சிரும்." சிரித்தாள். "சில்லு, நாளைக்கு ஒன்னைய யாருன்னு தெரியாத மாதிரி நான் பாத்தேன்னா, நாலு அறை விட்டுச் சொல்லிக்குடு."

"என்னன்னு?"

"நான் செவ்வந்தின்னு."

வளைவுக்குக் கீழே போய் நின்றாள். தலைமையாசிரியர் மீசையைத் தடவினார்.

"உள்ளே செவ்வந்தி. பதிவேட்டில் செவ்வந்தி. பொருத்தம்."

கதவு திறந்து, அவளை வெளியே விட்டு, மூடிக்கொண்டது.

"பதிவேட்ட எவன்டா மாத்துனது?"

"அரசாங்கம் சார்" என்றாள் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து. அவளாலேயே நம்ப முடியவில்லை. "இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னாங்க. அரசிதழ்ல வந்துருச்சு போல. ரெண்டரை வருசம் சார். டாக்டர் சீட்டு, ரெண்டு சாட்சி, ஆறு கமிட்டி."

அவளை இழுத்து வருவதற்காக அவர் வளைவுக்குள் பாய்ந்தார்.

"பதிவேட்டில் வீரபாண்டியராஜன். உள்ளே புஜ்ஜி. பொருந்தவில்லை."

பள்ளிக்கூடம் சிரித்த சிரிப்பில் ஓடுகள் சரிந்தன, மூன்று ஊர்க் காக்கைகள் கிளம்பிப் போயின. ஜெசிந்தாவும் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"பதிவேட்டில் ஜெசிந்தா மேரி. உள்ளே சில்லு. பொருந்தவில்லை."

அடுத்தவன் பதிவேட்டில் ரித்விகேஸ்வரன், உள்ளே அப்பு. அதற்கடுத்தவள் உள்ளே பொம்மி. சிரிப்பு வரிசையின் முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொருவராக அணைந்துகொண்டே போனது. பள்ளிக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று இல்லாத பிள்ளை ஏழுமடையில் பிறந்ததே கிடையாது. தானே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அதையே உள்ளும் புறமும் சுமந்தவள் ஒருத்திதான். அவள் வெளியே நின்றாள்.

"நிறுத்து!" என்று தலைமையாசிரியர் வளைவைக் குத்தினார்.

"நிறுத்த முடியாது. பெயர் மாற்ற விண்ணப்பிக்கலாம். டாக்டர் சீட்டு, இரண்டு சாட்சி, ஆறு கமிட்டி. சராசரி இரண்டரை வருடம். நாலு மணிக்கு இன்னும் ஆறு நிமிடம்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்கக்கா மட்டுந்தாம்மா என்னைய அப்படிக் கூப்பிடும். அது செத்து ஒம்பது வருசமாச்சு. அந்தக் கொரலு அந்தப் பேருலதான் இருக்கு."

ஏளனமாகக் கேட்க வேண்டுமென்று அவள் இரண்டரை வருடம் சேர்த்துவைத்திருந்த கேள்வி. வாயிலிருந்து வந்தபோது ஏளனம் இல்லை.

"எப்பருந்து சார் இப்படித் தோணுது?"

"தோணலம்மா" என்றார். "இருக்கேன்."

செவ்வந்தி கதவை உதைத்தாள், கல்லெடுத்து வளைவில் எறிந்தாள். கீறல்கூட விழவில்லை. கம்பிக்குள் கைவிட்டு ஜெசிந்தாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு மணி. ஈசல் கூட்டம் ஒன்றாக இறக்கையடிப்பதுபோல் ஒரு சத்தம். அவள் பிடியிலிருந்த விரல்கள் மெதுவாக, மரியாதையாக விலகின.

"அனைவரும் பொருத்தம்" என்றது காவலன். "திங்கள் முதல் இப்புலன் ஊரின் எல்லா வாசல்களிலும்."

ஆயிரத்து நானூறு பேரும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் வெளியே வந்தார்கள். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அப்படி நடந்ததே இல்லை.

"சில்லு! ஏய், சில்லு!"

ஜெசிந்தா மேரி பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, திரும்பாமல் நடந்தாள்.

கடைசியாகத் தலைமையாசிரியர் வந்தார். அவள்முன் நின்று, பதிவேட்டில் உள்ளபடி, பிழையில்லாமல் உச்சரித்தார்.

"செவ்வந்தி. திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் பரீட்சை. நேரத்துக்கு வந்துவிடு."

இரண்டரை வருடமாக அந்த வாயிலிருந்து அவள் கேட்க ஆசைப்பட்ட பெயர். அவர் கண்ணுக்குள் பார்த்தாள். கூப்பிட்டவர் யாரும் அங்கே இல்லை.