கடைசி வரி சனிக்கிழமை

தெருவே 'வாலு' என்று கூப்பிடும் அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கு ஒரே பிடிவாதம். தெருக் கலைவிழாவில் அம்மா பாடும்போது எதிரே ஆட்கள் இருந்தே ஆக வேண்டும்.

அம்மா பேருந்து ஓட்டுநர். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுவார். போன வருடம் அவர் மேடை ஏறியபோது எதிரே நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன. "இன்னும் ஒரு தடவை பாடிப் பாக்கறேன். அப்பவும் யாரும் வரலைன்னா என்னை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் ஒரு வரிகூட முணுமுணுக்கவில்லை. வாலுவுக்கு அது தாங்கவே இல்லை.

விழா விளம்பரம் சித்தியின் பொறுப்பு. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். விழாக்குழுவினரின் முகங்கள் பெரிது பெரிதாக இருந்தன. தேதி மட்டும் அடியில் எறும்பு அளவில் இருந்தது.

"எத்தனை கட்டைவிரல் வந்திருக்கு பாரு. கூட்டம் அள்ளப்போகுது" என்றார் சித்தி.

"கட்டைவிரல் வந்து நாற்காலியில உக்காருமா சித்தி?"

சித்தி முறைத்தார். வாலு விசாரிக்கக் கிளம்பிவிட்டாள்.

"விழாவா? எப்போ?" என்றார் மருந்துக்கடைக்காரர். "எல்லாரும் கட்டைவிரல் போட்டாங்க, நானும் போட்டேன்மா."

தையல்கார அக்காவும் அதையேதான் சொன்னார். படத்தில் இருந்தவர்களைத் தவிர யாருமே அதைப் படிக்கவில்லை.

அப்படியானால் எல்லாரையும் படத்தில் ஏற்றிவிட வேண்டியதுதான் என்று வாலு முடிவு செய்தாள்.

நேரே அம்மாவிடம் போனாள். "முதல் பஸ்ல வர்றவங்களைப் பத்தி ஒரு பாட்டுக் கட்டினியேம்மா. அதை ஆளுக்கு ஒரு வரி பாட வெச்சு வீடியோ எடுக்கட்டுமா?"

"என்னவோ பண்ணு. யாரும் பாட மாட்டாங்க" என்றார் அம்மா.

சித்தியின் கைபேசியோடு வாலு கடை கடையாக ஏறினாள். மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ராகம் எங்கேயோ போய்விட்டு, ஒருவழியாகத் திரும்பி வந்தது. தையல்கார அக்காதான் மசியவில்லை.

"என் குரலைக் கேட்டா மிஷினே நின்னுடும். வேற ஆளைப் பாரு."

"ஒரே வரிதான்கா."

"முடியாது."

வாலு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா ஒரு சட்டைக்குக் காலர் வைத்தார், பொத்தான் தைத்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"நீ இன்னும் போகலையா?"

"நீங்க பாடினதும் போயிடறேன்."

அக்கா சிரித்துவிட்டார். பாடியும்விட்டார். மிஷின் நிற்கவில்லை.

துண்டு துண்டாக எடுத்ததைச் சித்தி ஒட்டிக் கொடுத்தார். "கடைசி வரியைக் காணோமே?" என்று கேட்டார்.

"அதைச் சனிக்கிழமை மேடையில அம்மா பாடுவாங்க. தேதியை இந்தத் தடவை பெரிசா எழுதுங்க சித்தி."

வீடியோ தெருக் குழுவில் ஏறியது. தன் முகம் தெரிகிற வீடியோவை யார் சும்மா வைத்திருப்பார்கள்? மருந்துக்கடைக்காரர் மாத்திரை வாங்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். பாடவே மாட்டேன் என்ற அக்கா, தன் புகுந்த வீட்டு ஆட்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். பக்கத்துத் தெருக்காரர்கள், "கடைசி வரி என்ன?" என்று வாலுவை நச்சரித்தார்கள். அவள் வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை உட்கார இடமில்லாமல் பலர் ஓரமாக நின்றார்கள். மேடையேறிய அம்மா கூட்டத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். பிறகு பாடத் தொடங்கினார். தங்கள் வரி வந்தபோது அவரவர் கூடச் சேர்ந்து பாடினார்கள். கடைசி வரிக்கு எல்லாரும் அமைதியானார்கள். அதை அம்மா தனியாகப் பாடி முடித்தார்.

கைதட்டல் ஓயவே இல்லை. அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கச் சித்தி மேடையேறி மைக்குக்காகக் கையை நீட்டினார்.

அம்மா கொடுக்கவில்லை.

"இருடி, இன்னொரு பாட்டுப் பாடிட்டுத் தரேன்."