புத்தகத்தில் இருந்த பூவரசன்

"இன்னாங்க இது? அடுத்தவங்க புக்க எட்டி எட்டிப் பாத்துகினு வர்றீங்க!"

ஜெசிந்தா படாரென்று புத்தகத்தை மூடினாள். பக்கத்து இருக்கைக்காரன் பதறிப்போனான். ஜன்னலுக்கு வெளியே மழை சாய்ந்து சாய்ந்து பெய்துகொண்டிருந்தது... ரயில் திண்டிவனத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்தே அவன் பார்வை அவள் மடியில்தான்.

பிரம்மதேசத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். சனிக்கிழமைகளில் விழுப்புரத்தில் உளவியல் வகுப்பு. இன்றைய பாடம் பாலினமும் பாலுணர்வும். அட்டை போட்டு மறைத்துத்தான் படித்தாள். அப்படியும்...

"மன்னிச்சிடுங்க. அந்தப் பக்கத்த மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. விருட்டென்று எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். ஆனால் அந்தக் கண்கள்... வக்கிரக்காரன் கண்கள் அப்படியா கலங்கியிருக்கும்?

அடுத்த சனிக்கிழமை அவளே தேடிப்போய் அவனெதிரில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு அந்தப் பக்கம்?"

அவன் பெயர் பூவரசன். விழுப்புரத்தில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் மனைவி போய்விட்டாள். 'இவன் ஆம்பளையே இல்ல' என்று ஊரார் முன்னால் சொல்லிவிட்டுப் போனாள். புதுச்சேரி வரை போய் டாக்டரிடம் காட்டியும் உடம்பில் ஒரு கோளாறும் இல்லையென்றார்கள்.

"அவ மேல தப்பில்ல சிஸ்டர். பாசமாத்தான் இருந்தேன். ஆனா அந்த ஆச... யார் மேலயும் வந்ததே இல்ல. பல்லக் கடிச்சிக்கினு கிட்டப் போவேன். ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழைப்பேன். உங்க புக்ல என்னை மாதிரி ஆளுக்கு ஒரு பேரு போட்டிருந்துச்சு. முப்பத்திநாலு வருஷத்துல மொத தடவ பாத்தேன்."

ஜெசிந்தா புத்தகத்தைப் பிரித்து அவன் கையில் கொடுத்தாள். 'பாலீர்ப்பின்மை' என்றிருந்தது. சிலருக்கு யார்மேலும் உடல் ஆசை எழுவதில்லை. அது நோயல்ல, அன்புக்கும் காதலுக்கும் அது தடையுமல்ல. 'நோயல்ல' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தவன் விழுப்புரம் வரை எடுக்கவேயில்லை.

அதன்பின் சனிக்கிழமைகள் சிட்டாய்ப் பறந்தன. உடம்பு வேறு, நான் ஆணா பெண்ணா என்ற உள்ளுணர்வு வேறு, ஆசை யார்மேல் போகிறது என்பது வேறு என்று அவள் பாடம் எடுப்பாள்.

"அப்ப நான் ஆம்பளதானா சிஸ்டர்?"

"முழு ஆம்பள! என்னை சிஸ்டர்னு கூப்புடுறதுதான் ஒரே கொற."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவள் விழுந்தாள்... எல்லாம் தெரிந்தேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல் மலை உச்சியில், மூச்சு வாங்க, சொல்லியும்விட்டாள். அவன் முகம் சிவந்தது.

"நானுந்தாங்க... சனிக்கிழமைக்காகவே மத்த ஆறு நாளையும் தள்ளிக்கினு இருக்கேன்."

முதன்முறையாக அவள் கையைப் பிடித்தான். அவளுக்கு உடம்பெல்லாம் பூத்தது. அவன் கையில் மட்டும் ஒரு நடுக்கமும் இல்லை. அத்தனை பிரியம்... அத்தனை அமைதி. சாய்ந்துகொள்ளத் தவித்தவளின் முகத்தை அவன் பார்த்துவிட்டான்.

"ஜெசி... உனக்காக நான் பழகிக்கிறேன். எப்படியாச்சும்..."

அவளுக்குச் சுருக்கென்றது. மெல்லக் கையை உருவிக்கொண்டாள்.

"அந்த அஞ்சு மாசத்த எங்கூட ஆயுசுக்கும் வாழப் போறீங்களா?"

இருவரும் படியிறங்கினார்கள். பாதி வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. கீழே அவனுடைய வண்டி நின்றது. அவள் அதில் ஏறவில்லை. திண்டிவனம் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஆச இருக்குங்க. கொழந்த வேணும்... உங்களோட எல்லாமே வேணும். இல்லாம இருந்துடுவேன்னு நெனச்சித்தான் மலையேறினேன். நீங்க கையப் புடிச்சதும் அது பொய்னு தெரிஞ்சிபோச்சு."

"உம்மேல என்ன தப்பு ஜெசி?" அவன் குரல் உடைந்தது.

"ரெண்டு பேர் மேலயும் இல்ல. ஆனா கட்டிக்கினா என்னைக்காவது ஒரு நாள், ஊர் பாத்த மாதிரியே நானும் உங்களப் பாத்துடுவேன். அதுக்கு எனக்கு பயமா இருக்கு."

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள். மழையில் அவன் கண்ணீர் எது, தூறல் எது என்று தெரியவில்லை.

"பூவரசன்... இப்படி யாரையும் நான் லவ் பண்ணதே இல்ல. அதனாலதான் போறேன்."