குவைத்திலிருந்து வந்த சலாம்

நிஸ்மியா யோகராசாவைத் தேடிக் கல்லடிக்கு வந்தபோது அவள் மகளின் கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. கூடவே மாப்பிள்ளையின் தாய்மாமன் பாறூக்கும் வந்திருந்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

வம்சம் தேடித் தருவதில் யோகராசா கெட்டிக்காரர், நிதானமானவர். அவருக்கு உதவியாக இருக்கும் கம்சாயினிக்கோ எதிலும் அவசரம். நிஸ்மியா நீட்டிய பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைப் பறிக்காத குறையாக வாங்கினாள்.

“மகளுக்கு வீட்டு உறுதிப் பத்திரம் எழுத வேணுமென்டு உம்மாட பெட்டியக் கிளறினன் சேர். இது வந்திச்சி,” என்றாள் நிஸ்மியா.

மௌத்தாகி அடக்கமாகிவிட்ட அவளுடைய தாய் ஆயிஷா உம்மாவின் பத்திரம் அது. அதில் ஆயிஷாவின் தாய் பெயர் கதீஜா என்றிருந்தது.

“கதீஜா என்ட உம்மும்மா, உம்மாவப் பெத்தவ,” என்றார் பாறூக். “ஆயிஷா உம்மாவ அவ வளர்த்தது எல்லாருக்கும் தெரியும். பெத்ததும் அவதானென்டா என்ட உம்மாவும் இவட உம்மாவும் கூடப்பிறந்தவங்க. ஒரே குடி. இந்தத் தங்கச்சிட மகள என்ட மருமகனுக்கு எப்பிடி எடுக்கிற?”

குடி என்பது தாய்வழியே வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் முடித்தால் அண்ணனுக்குத் தங்கையை முடித்த மாதிரி. பத்திரமே சொல்லிவிட்டதே, இனி என்ன துப்பறிவது என்று கம்சாயினிக்கு மனம் விட்டுப்போயிற்று. நிஸ்மியாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“பிறந்தது அறுபத்திரண்டு, பதிஞ்சது எண்பத்திரண்டு,” என்றார் யோகராசா. “அந்த வருசம் உம்மா எங்க போனவ?”

“குவைத்துக்கு. அங்க இரிந்து கதீஜா உம்மாக்குப் பேசி அனுப்பின கசற் ஒன்டு இரிக்கி. அவட குரலென்டு அது மட்டுந்தான்.”

கசற் கரகரத்தது. “அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. நபீஸா மச்சி, சுகமா? எனக்கு மாப்பிள பாத்திரிக்காம். ஊருக்கு வந்து முகத்தப் பாத்திட்டுத்தான் ஓமென்டு செல்லுவன்...”

“நபீஸா என்ட உம்மா,” என்றார் பாறூக் மெதுவாக.

“கூடப்பிறந்த அக்காவ மச்சியெண்டு ஆராவது கூப்பிடுவாங்களா? ராத்தா எண்டுதானே வரும்? மச்சியெண்டா மாமிட மகள்,” என்றார் யோகராசா.

“மாமியெண்டது மாமியாரா இருந்தா, சேர்?” கம்சாயினி குறுக்கிட்டாள்.

“ஆயிஷாவுக்கு அப்ப கலியாணமே ஆகல்லயே, கம்சாயினி. கதீஜா அவட வாப்பாட தங்கச்சியா இருக்கலாம், தாய்மாமன்ட பெண்சாதியா இருக்கலாம். எதெண்டாலும் குடி வேற. பெத்த தாய் இல்லாத பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்கப் பத்திரம் தேவைப்பட்டிருக்கும். வளர்த்தவ தன்ட பேரக் குடுத்திருக்கா. பிள்ள மட்டும் கடைசிவரைக்கும் முறை மாறாமத்தான் கூப்பிட்டிருக்கு.”

நிஸ்மியாவின் கண் கலங்கியது. “அப்ப என்ட உம்மாவப் பெத்தவ ஆரு சேர்?”

“இதில இல்ல, பிள்ள. தேடிப் பாப்பம்.”

பாறூக் கசற்றை எடுத்து நிஸ்மியாவின் கையில் கொடுத்தார். காலையிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை தங்கச்சி என்று இடித்தவர் அவர்.

“எழும்புங்க மச்சி,” என்றார். “பந்தல்காரங்களுக்குச் செல்லி அனுப்போணும்.”