காது முதலில் வரும்

யுத்தம் தொடங்கிய மறு வருஷச் சித்திரை. பரவைக் கிராமத்தில் நிழலில் கிடந்த நாய்கூட நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்தது. பேயாண்டிக்கு மட்டும் ஒரு சொட்டு வேர்க்கவில்லை. கையைத் தடவிப் பார்த்தான். காய்ந்த பனையோலையாக இருந்தது. காலையில் குடித்த கேப்பைக்கூழ் பொழுது சாயும்வரை உள்ளே இறங்காமல் நெஞ்சிலேயே நின்று, அவன் புரளும்போதெல்லாம் குடத்துத் தண்ணீர்போலத் தளும்பிக்கொண்டிருந்தது.

மதுரை டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இரைப்பையின் வாசல் திறக்க மறுக்கிறது. வேர்வை, நெஞ்சுத்துடிப்பு என்று நாம் கேட்காமலே நடக்கிற வேலைகளைப் பார்க்கும் நரம்புகளும் கெட்டுவிட்டன. விழுங்கும்போது நாடி நின்றுபோகும். காலைத் தூக்கிப் பிடித்து, வாயில் எதையும் விடாமல் பொறுத்திருந்தால் திரும்பும். மருந்து கிடையாது.

பொறுத்திருக்கத் தெரிந்தவள் அவன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு ஒருத்திதான். எத்தனையோ தடவை அந்த இருட்டிலிருந்து அவனை மீட்டிருக்கிறாள். திரும்பும்போது காது முதலில் வரும். அப்புறம் மூக்கு. கையும் காலும் நாக்கும் கடைசியில்தான். அந்த இடைவெளிதான் அவனுக்குக் குலைநடுக்கம்.

இன்று அவள் கத்திரிக்காய்க் கூடையோடு சந்தைக்குப் போயிருந்தாள். துணைக்கு அவன் தங்கை பாண்டியம்மாள் வந்திருந்தாள்.

"இம்புட்டு நீராகாரம் குடிண்ணே. ஒதடு வெடிச்சுக் கெடக்கு."

"அவ வரட்டும்."

ஆனால் தாகம் பொல்லாதது. புளித்த நீரின் வாசம் மூக்கைத் துளைத்தது. ஒரே வாய். தொண்டையில் குளிர்ச்சியாக இறங்கி நெஞ்சில் நின்றது. காதுக்குள் எப்போதும் கேட்கிற துடிப்பு, நின்றது.

இருட்டு.

காது வந்தது. பாண்டியம்மாளின் ஓலம். வாசலில் நிறையக் காலடிகள். அவள் புருஷன் வீரணனின் குரல் தலைமாட்டில் கேட்டது.

"நாடி இல்ல. ஒடம்பும் சில்லுனு கெடக்கு. நெஞ்சு காயாமப் போகட்டும், பாலக் கொண்டாங்க."

மூக்கு வந்தது. பச்சைப்பால் வாசம். சாகிறவன் வாயில் சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கொரு மடக்குப் பால் விடும். அவனும் எத்தனை பேருக்கோ அழுதுகொண்டே விட்டிருக்கிறான். அவர்கள் காதும் முதலில் வந்திருந்ததோ? நினைக்கவே பயமாக இருந்தது.

'இருக்கேன்' என்று உள்ளே கதறினான். நாக்கு இன்னும் வரவில்லை. பால் சங்கு உதட்டில் பட்டது. தொண்டை தானாக விழுங்கியது.

இருட்டு.

காது. "அடுத்து பெரியப்பா வாங்க." சங்கு.

இருட்டு.

காது. வரிசை தெருவரைக்கும் நிற்பதாக யாரோ சொன்னார்கள். பால் நெஞ்சுக்குழியில் மட்டம் ஏறியது. சங்கு. இருட்டு.

காது. வாசலில் வெறுங்கூடை விழுந்த சத்தம்.

வந்துவிட்டாள்.

கூட்டத்தை விலக்கி வந்து அவன் நெஞ்சில் காதை வைத்தாள். அவளுடைய வேர்வை அவன் காய்ந்த தோலில் சொட்டியது. ஒரு துடிப்பு. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

"இருக்கு," என்றாள்.

"ஒன் கைப் பாலுக்குத்தான் காத்துக் கெடக்கு, தங்கச்சி," என்றான் வீரணன். "இழுபறியா விடாத."

"டாக்டரு…" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அவன் விலா எலும்புகளை மெல்லத் தடவினாள். காதருகே குனிந்தாள்.

"எம்புட்டுப் பட்டுட்ட மாமா. போதும்."

இமையோரம் வெளிச்சம் வந்தது. அவள் முகம். பிறகு சுண்டுவிரல். அசைத்தான். பாயைச் சுரண்டியது.

அவள் பார்த்தாள்.

வேறு யாரும் பார்ப்பதற்குள் அந்தக் கையைத் தன் கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டாள். உள்ளே விரல் சுரண்டியது. சுரண்டியது. மறுகையில் சங்கு தளும்பாமல் வந்தது.